மழையை வகுத்துப் பார்த்தவர்

வேதபகுதி: எபிரெயர் 6:7, யாத்திராகமம் 16:13–22, மாற்கு 12:41–44



சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு, ‘ஒன்றுக்கு எவ்வளவு’ என்று கேட்பதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கோழிப்பண்ணை வைத்திருப்பவர் காலையில் எழுந்ததும், இன்று ஒரு முட்டைக்கு எத்தனை பைசா என்று பார்க்கிறார். ஆழ்துளைக் கிணறு போட வண்டியை அழைப்பவர், அடிக்கு எவ்வளவு என்று பேசி முடித்த பிறகே இடத்தைக் காட்டுகிறார். லாரி உரிமையாளர் டீசலுக்கு ஆன மொத்தச் செலவோடு நிறுத்துவதில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்கிறார். மரவள்ளிக்கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு ஏற்றிச் செல்லும் விவசாயிக்கும் எடை மட்டும் போதாது. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு என்ன விலை என்பதில்தான் அவருடைய ஆண்டு வருமானமே இருக்கிறது. மொத்தத்தைக் கேட்டவுடன் அதை வகுத்துப் பார்ப்பது நம் மண்ணின் பழக்கம்.

இப்படிப்பட்ட மக்கள் நடுவில் நெடுங்காலம் ஊழியம் செய்தும், ஒரு வருஷம் நான் பிரசங்கபீடத்தில் நின்றுகொண்டு மொத்தத்தை மட்டும் பார்த்துப் பேசினேன். அதனால் ஒரு மனிதரைக் காயப்படுத்தினேன். அந்தக் காரியத்தை இந்த வாரம் உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

அப்பொழுது நான் கிழக்கே கொல்லிமலை தெரியும் ஒரு சிற்றூர்ச் சபையில் இருந்தேன். தை மாதத்தில் அறுப்பின் பண்டிகை. பீடத்தைச் சுற்றிலும் கரும்பு, வாழைத்தார், தேங்காய், சோளக்கதிர், நெல் மூட்டை என்று காணிக்கைப் பொருட்கள் நிறைந்திருந்தன. ஆராதனை முடிந்ததும் அவற்றை ஏலம் விடுவது அந்தச் சபையின் வழக்கம். வருஷந்தோறும் இரண்டு மூட்டை நிலக்கடலை கொண்டுவரும் மானாவாரி விவசாயி ஒருவர், அந்த வருஷம் ஒரு துண்டில் முடிந்த சிறிய பொட்டலத்தைக் கொண்டுவந்து ஓரமாக வைத்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்ந்தார். அறுபது வயதைத் தாண்டியவர்.

அந்த வாரத்தில் செய்தித்தாளில், சென்ற ஆண்டு நம் மாவட்டத்தில் பெய்த மழை இயல்பான அளவுக்குக் குறையவில்லை என்று வாசித்திருந்தேன். அதை அப்படியே பிரசங்கத்தில் எடுத்துக்கொண்டேன். கர்த்தர் தம்முடைய மழையைக் குறைக்கவில்லை என்றும், குறைந்திருப்பது நம்முடைய நன்றியுணர்வுதான் என்றும், பெற்ற மழைக்கு ஏற்ற காணிக்கையா இது என்று ஒவ்வொருவரும் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்றும் பேசினேன். நான் யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. துண்டில் முடிந்த அந்தப் பொட்டலம் எல்லாருடைய கண்ணுக்கும் எதிரில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவரைத் தேடிப் போனேன்.

வாசலில் என்னைக் கண்டதும் எழுந்து கட்டிலை இழுத்துப் போட்டார். முகத்தில் கோபம் இல்லை. சற்று நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு என்னைக் களத்தின் பக்கம் அழைத்துப் போனார். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் ஒரு கல்தூண். அதன்மேல் அடி தட்டையான, பக்கங்கள் நேரான ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வெளிப்புறத்தில் பள்ளிப் பிள்ளைகளின் ஸ்கேல் ஒன்றை ஒட்டியிருந்தார். தினமும் காலை எட்டரை மணிக்கு ஜாடியில் நிற்கும் தண்ணீரின் உயரத்தைப் பார்த்து எழுதுவாராம். வானிலை ஆய்வுத் துறையும் முந்திய இருபத்துநான்கு மணி நேர மழையை அந்த எட்டரை மணிக்குத்தான் கணக்கெடுக்கிறது என்று எங்கோ கேட்டு, அதையே தாமும் பின்பற்றியிருந்தார்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு கட்டுக் காகிதங்களைக் கொண்டுவந்தார். நாம் புத்தாண்டு ஆராதனையில் கொடுக்கும் தினசரி காலண்டரிலிருந்து கிழித்த தாள்கள் அவை. அன்றன்றைய வசனத்துக்குக் கீழே பென்சிலால் மழையின் அளவு. மழை பெய்த நாட்களில் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும். ஆவணி, புரட்டாசி மாதத் தாள்களைத் தனியே எடுத்துக் கட்டிலின்மேல் வரிசையாகப் பரப்பினார். கடலைச்செடி பூத்து, விழுது மண்ணில் இறங்கும் சமயம் அது. தொடர்ந்து இருபத்துமூன்று தாள்களில் பூஜ்யம் எழுதியிருந்தது. இருபத்துநான்காம் தாளில் 90 மில்லிமீட்டர். மாலை ஆறேகால் முதல் ஏழேமுக்கால் வரை.

“ஐயா, நீங்க பேப்பருல பாத்த கணக்கு தப்பில்லீங்க. மழை பெஞ்சது நெசந்தானுங்க. ஆனா எப்பப் பெஞ்சுது, எத்தனை நேரத்துல பெஞ்சுதுன்னு வகுத்துப் பாக்கோணுமுங்க” என்றார்.

அவர் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்த அவருடைய மனைவிதான் சொன்னார்: “அந்தப் பொட்டலம் வெதைக்குன்னு எடுத்து வெச்சதுலருந்து கொண்டாந்ததுங்க ஐயா. வெறுங்கையோட எப்படிக் கோயிலுக்குப் போறதுன்னு கேட்டாருங்க.”

அன்று வீடு திரும்பியதும் அவர் சொன்னபடி வகுத்துப் பார்த்தேன். நீங்களும் என்னோடு சேர்ந்து வகுத்துப் பாருங்கள்.

மழையை மில்லிமீட்டரில் சொல்வதே ஒருவகையில் வகுத்துச் சொன்ன கணக்குதான். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை நின்றால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். ஆகவே 10 மி.மீ. மழை என்றால் சதுர மீட்டருக்குப் பத்து லிட்டர். பாத்திரத்தின் வாய் அகலமானாலும் குறுகலானாலும், பக்கங்கள் நேராக இருந்தால் உள்ளே நிற்கும் உயரம் ஒன்றுதான். அகன்ற அண்டாவில் பல லிட்டர் சேரும், சிறிய ஜாடியில் கொஞ்சம் சேரும். ஸ்கேலை வைத்தால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அப்படியானால் 10 மி.மீ. மழை ஒரு ஏக்கருக்குச் சுமார் 40,000 லிட்டரைக் கொண்டுவருகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் மூன்று வந்து ஊற்றினாலும் அதற்கு ஈடாகாது.

இனி அவருடைய இருபத்துநான்காம் தாளை எடுத்துக்கொள்வோம். 90 மி.மீ. மழை, ஒன்றரை மணி நேரம். 90-ஐ 1.5-ஆல் வகுத்தால் மணிக்கு 60 மி.மீ. மண் அவ்வளவு வேகத்தில் தண்ணீரைக் குடிக்குமா? களிமண் மணிக்கு 5 மி.மீ.க்கு மேல் குடிப்பதில்லை. நடுத்தரமான மண் 10 முதல் 20 மி.மீ. வரையிலும், மணல் கலந்த மண் 20 முதல் 30 மி.மீ. வரையிலும் உள்ளே வாங்கும். அவருடைய செம்மண் காட்டுக்கு மணிக்கு 15 என்று வைத்துக்கொண்டால், ஒன்றரை மணி நேரத்தில் மண்ணுக்குள் போனது 22 மி.மீ. சொச்சம்தான். மீதி 67 மி.மீ. சரிவில் ஓடியது. ஏக்கருக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீர், மேல்மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. அதே 90 மி.மீ., நான்கு நாட்களுக்கு ஒருமுறை 15 மி.மீ. வீதம் ஆறு தவணையாக, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் நிதானமாகப் பெய்திருந்தால், அந்த இருபத்துமூன்று நாட்களும் ஈரத்தில் கழிந்திருக்கும், விழுது இறங்கியிருக்கும், இரண்டு மூட்டைகளும் பீடத்துக்கு வந்திருக்கும். ஆண்டு முடிவில் செய்தித்தாள் போடும் மொத்தத்தில் இந்த இரண்டு வருஷங்களுக்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இருக்காது.

இதிலே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. எதனால் வகுக்கிறோம் என்பது முக்கியம். நாமக்கல் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மி.மீ. மழை பெய்கிறது. அதை 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு இரண்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு என்று வரும். கணக்கு சரி. ஆனால் அப்படி ஒரு நாளை நம்மில் யாரும் கண்டதில்லை. இரண்டு பருவமழைகளிலும் கோடை மழையிலுமாக, சில நாட்களின் சில மணி நேரங்களில்தான் நம் மழை வருகிறது. 2.5 மி.மீ.யாவது பெய்தால்தான் வானிலைத் துறை அதை ‘மழை நாள்’ என்றே எண்ணுகிறது. மேலும், மாவட்டத்தின் கணக்கு என்பது பல இடங்களில் உள்ள மழைமானிகளின் சராசரி. சாலைக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்ந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஒரு வயலில் மழை பெய்து, பெய்யாத மறு வயல் காய்ந்துபோனதை ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகம் நான்காம் அதிகாரம் பேசுகிறது. சராசரியைக் கொண்டு ஒரு மனிதனை நியாயந்தீர்ப்பது, ஊர் முழுவதற்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதைப் போன்றது.

மேட்டூர் அணையைப் பற்றிய செய்தியை நாம் தினமும் கவனிக்கிறோம். அணை நிரம்ப 93.47 டி.எம்.சி. தண்ணீர் வேண்டும், அது மொத்தம். நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி என்பது வீதம். விநாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் வந்தால் ஒரு டி.எம்.சி. ஆகும். மிஞ்சி வந்தால் பதினாறு கண் மதகு வழியாக வெளியேற்றுவார்கள். அணைக்குத் தேக்கி வைக்க இடம் இருக்கிறது. நாட்கணக்கில் காத்திருக்கவும் முடிகிறது. மானாவாரிக் காட்டுக்கு அந்த வசதி இல்லை. வருகிற வேகத்தில் குடிக்க முடிந்ததுதான் அதற்குச் சொந்தம்.

பிரியமானவர்களே, இந்தக் கணக்கைப் போட்டு முடித்த இரவில் எபிரெயர் ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன். பலமுறை பிரசங்கித்த ஏழாம் வசனம்தான். ஆசீர்வாதம் பெறும் நிலத்தைப் பற்றிச் சொல்லும்போது, மிகுதியான மழையைப் பெற்ற நிலம் என்று ஆசிரியர் எழுதவில்லை. தன்மேல் அடிக்கடி வரும் மழையைக் குடிக்கிற நிலம் என்றே எழுதுகிறார். ‘அடிக்கடி’ என்பதும் ‘குடித்து’ என்பதும் அன்றுவரை என் கண்ணில் படவில்லை. காலண்டர் தாள்களைப் பார்த்த பிறகுதான் பட்டன. வேதம் மழையைக் குறித்துப் பேசும் பல இடங்களில் ஏற்ற காலத்தைச் சேர்த்தே பேசுகிறது. உபாகமம் பதினோராம் அதிகாரம் முன்மாரி என்றும் பின்மாரி என்றும் பிரித்துச் சொல்கிறது. விதைப்புக்கு ஒன்று, கதிர் முற்றுவதற்கு ஒன்று. பாலஸ்தீன நாட்டு விவசாயிக்கும் ஆண்டின் மொத்த மழை பெரிதாகத் தோன்றியிருக்காது.

வனாந்தரத்தில் கர்த்தர் தம்முடைய ஜனத்துக்கு மன்னாவைக் கொடுத்தபோதும் வீதத்தையே சொன்னார். தலைக்கு ஒரு ஓமர், கூடாரத்தில் எத்தனை பேரோ அத்தனை ஓமர், நாள்தோறும் அன்றன்றைக்கு. ஆறாம் நாளில் மாத்திரம் தலைக்கு இரண்டு. ஒரு மாதத்துக்கு உரியதை ஒரே நாளில் பொழிந்திருக்க அவரால் முடியாதா? முடியும். ஆனால் மிச்சப்படுத்தி விடியற்காலம்வரை வைத்ததில் புழு உண்டானது என்று வாசிக்கிறோம். கொடுக்கிறவருக்கு எல்லை இல்லை. பெறுகிற நமக்குத்தான் ஒரு நாளின் அளவு இருக்கிறது. அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கும்படி நம் ஆண்டவர் கற்றுக்கொடுத்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

பிறகு மாற்கு பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு வந்தேன். அதற்குமேல் தொடர்ந்து வாசிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார். ஐசுவரியவான்கள் மிகுதியாகப் போடுகிறார்கள். ஓர் ஏழை விதவை இரண்டு காசைப் போடுகிறாள். அங்கே நின்றவர்கள் பெட்டியில் விழுந்ததை மட்டும் பார்த்தார்கள். இயேசு ஒருவரே அதை அவரவர் வீட்டில் மீதியிருந்ததோடு வைத்துப் பார்த்தார். அந்தக் கணக்கில், எல்லாரைக் காட்டிலும் அவளே அதிகமாகப் போட்டவள்.

நானும் காணிக்கைக்கு எதிரே நின்றவன்தான். என் எதிரே விதைக்கடலையிலிருந்து எடுத்த ஒரு பொட்டலம் இருந்தது. நான் அதை மாவட்டத்தின் மழையோடு ஒப்பிட்டேன். அந்த மனிதருடைய அறுவடையோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இறையியல் கல்லூரியில் அந்த விதவையைக் குறித்துக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். அவள் என் சபைக்குள் நடந்து வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் காலையிலேயே அவர் வீட்டுக்குப் போனேன். “அண்ணா, என்னை மன்னிச்சிருங்க. பேசறதுக்கு முந்தி உங்களைக் கேட்டிருக்கோணும்” என்றேன். “அட, பரவால்லீங்க ஐயா. அடுத்த மழைக்கு வாங்க; ஜாடியில எத்தனை நிக்குதுன்னு நீங்களே பாருங்க” என்றார். தனியே மன்னிப்புக் கேட்டது போதாது என்று எனக்குத் தோன்றியது. சபையின் முன் சொன்ன வார்த்தையைச் சபையின் முன்தான் திரும்ப வாங்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை, யாரென்று சொல்லாமல், நான் பேசியது தவறு என்றும் ஏன் தவறு என்றும் அறிக்கையிட்டேன். அவர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை, வாலிபர்களோடு சேர்ந்து அவரே ஆலயத்தின் கூரையை அளந்தார். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாடு முழுவதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பொருத்திய குழாய்கள், இலைக்குப்பை அடைத்து வீணாகக் கிடந்தன. 200 சதுர மீட்டர் கூரை. ஆண்டுக்கு 700 மி.மீ. மழை என்றால் 1,40,000 லிட்டர். “இது தொட்டிக்கான கணக்குங்க. குழாய்க்கு வேற கணக்கு” என்றார். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால் கூரையிலிருந்து நிமிஷத்துக்கு 200 லிட்டர் இறங்கும். அதைத் தாங்கும் அகலமான குழாய்கள் இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய தொட்டி கட்டியும் தண்ணீர் சுவரில்தான் வழியும். அப்படியே பெரிய குழாய்கள் வாங்கிப் பொருத்தினோம்.

அந்த வருஷம் முதல் நான் சிலவற்றை மாற்றிக்கொண்டேன். நீங்களும் யோசிக்கும்படி அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டத்தில் பெய்வதும் மழைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் வருஷத்தில் அந்த மூன்று நாட்களில் மாத்திரம் வசனம் கேட்டு, மற்ற நாட்களின் தாள்களிலெல்லாம் பூஜ்யம் எழுதுகிற வீடு, வருஷ முடிவில் ‘நிறையக் கேட்டோம்’ என்று சொல்லும். உள்ளே இறங்கியது எவ்வளவு? தினமும் பத்து நிமிஷம் குடும்பமாக உட்கார்ந்து ஒரு பகுதியை வாசிப்பது சிறிய தூறல்போலத் தெரியும். வேர் அதைக் குடிக்கும். உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் நேரமும் அப்படித்தான். மே மாதச் சுற்றுலாவில் ஒரு வாரம் முழுவதும் கொடுத்ததைக் கொண்டு, மீதி மாதங்களின் வறட்சியை ஈடுசெய்ய முடியாது.

இரண்டாவது, மற்றவர்களைக் குறித்துப் பேசும்போது மொத்தத்தை வைத்துப் பேசாதிருங்கள். ‘அவருக்கென்ன, நல்ல சம்பளம்’ என்கிறோம். அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை மாத்திரைச் சீட்டுகள் இருக்கின்றன என்று நமக்குத் தெரியாது. ‘அந்த அம்மா ஜெபக்கூட்டத்துக்கு வருவதே இல்லை’ என்கிறோம். அவர்களுக்கு ஒரு நாளில் மிஞ்சுகிற நேரத்தை நாம் அளந்து பார்த்ததில்லை. வகுக்கத் தெரியாத இடத்தில் வாயை மூடிக்கொள்வது நலம். முடிந்தால் அந்த வீட்டுக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து கேளுங்கள்.

மூன்றாவது, துண்டில் முடிந்த சிறிய பொட்டலத்தோடு ஆலயத்துக்கு வர வெட்கப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. போதகருக்குத் தவறலாம், எனக்குத் தவறியது. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஆண்டவருக்குத் தவறுவதில்லை. நீங்கள் எதிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள் என்பதை அவர் அறிவார்.

அந்த ஜாடி இன்றும் அந்தக் கல்தூணின்மேல் இருக்கிறது. அந்தச் சபையைவிட்டு மாறி வந்த பிறகும், பெருமழை பெய்த மறுநாள் காலையில் அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வரும். எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்வார். நான் எத்தனை மணி நேரம் என்று கேட்பேன்.

ஜெபம்:

மழையின் அதிபதியாகிய எங்கள் பிதாவே, ஏற்ற காலத்தில் நீர் அனுப்பும் ஒவ்வொரு துளிக்காகவும் உமக்கு ஸ்தோத்திரம். காய்ந்து கிடக்கும் காடுகளை நினைத்தருளும். மானாவாரி நிலத்தை நம்பி வாழும் குடும்பங்களைத் தாங்கும். மொத்தத்தைக் கண்டு பெருமைப்படாமலும், சிறியதைக் கண்டு அற்பமாய் எண்ணாமலும் எங்களைக் காத்துக்கொள்ளும். நீர் பார்க்கிறபடி நாங்களும் ஒருவரையொருவர் பார்க்கக் கற்றுத்தாரும். அன்றன்றைக்கு நீர் தருவதை அன்றன்றைக்குக் குடிக்கும் நல்ல நிலமாக எங்கள் இருதயங்களை மாற்றும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தினாலே ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.